பேனாவை மூடி வைத்தவர்

விவாகரத்தைக் கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடிக்கும் வக்கீல்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. இருபது வருடம் குடும்ப நீதிமன்றத்தில் வாதாடிய நான் அதில் சேர விண்ணப்பித்தேன். முதலில் ஒரு பேச்சுவார்த்தையைக் கூடவே உட்கார்ந்து பார்க்கச் சொல்லி, பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எட்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு தம்பதி, ஆளுக்கொரு வக்கீலோடு.

மனைவியின் வக்கீல் என்னைவிடப் பத்து வயது இளையவர். கைத்தறிப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. யாராவது மனம்விட்டுப் பேச ஆரம்பித்தால் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிடுவார்.

"ஒரு நாள் குடிச்சிட்டு, பாப்பாவ ஸ்கூல்லேருந்து கூப்பிடப் போகவே இல்ல" என்றான் கணவன். அவர் பேனாவை மூடினார். என் கை பழக்கத்தில் அவன் சொன்னதை எழுதிக்கொண்டது.

அரை மணி நேரத்தில் வீட்டைப் பற்றிப் பேச்சு முற்றி, "கோர்ட்லயே பாத்துக்கலாம்" என்று தன் வக்கீலோடு அவன் வெளியேறினான்.

மனைவி தன் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேஸையும் நீங்களே நடத்துங்க மேடம். அவரே ஒத்துக்கிட்டாரே."

"முடியாதும்மா. கோர்ட்டுக்குப் போனா ரெண்டு வக்கீலும் விலகிடணும், இங்க பேசினத அங்க சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். அத நம்பித்தான் அவர் வாயத் திறந்தார்."

எட்டு மாத உழைப்பை அவ்வளவு சாதாரணமாக விட்டுக்கொடுத்தார். பிறகு என் நோட்டைப் பார்த்தார். நான் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆனால் அவன் சொன்னது எனக்கு இன்னும் ஒரு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. அதனால்தான், பேச்சுவார்த்தையில் கேட்டதை ஒருபோதும் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி கேட்கும் சங்கத்தின் படிவத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.