மாடியில் ஏழரை

என் கணவர் சவுதியிலிருந்து முதல் விடுப்பில் வந்த அன்று, லப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெட்டி திறந்தார்கள். மாமியாருக்குப் போர்வை, நாத்தனாருக்கு அத்தர், அக்கம்பக்கத்தாருக்குக் கோடாலித் தைலம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடைசியாக, பனியன்களுக்கு நடுவில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நகைப்பெட்டி அளவுதான் இருந்தது. நாத்தனார் எட்டிப் பார்த்தாள். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள ரொம்பவும் பாடுபட்டேன். திறந்தால், உள்ளே இரண்டு பேனாக்கள். அவை எழுதாதாம்.

"ஒண்ணு தண்ணியில புளிப்பு எவ்வளவுன்னு சொல்லும். இன்னொண்ணு உப்பு எவ்வளவுன்னு சொல்லும்" என்றார், ஒட்டியாணம் கொடுத்தவர் மாதிரி.

"அதுக்குத்தான் அல்லா நாக்கு குடுத்திருக்கானே மச்சான்" என்றேன்.

நாத்தனார் அத்தரை முகர்ந்தபடி சிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

டிரைவர் வேலை என்று சொல்லித்தான் அவரைக் கூட்டிப்போனார்கள். போய் இறங்கியதும் பாலைவனத்துக்கு நடுவில் ஒரு தோட்டத்தில் விட்டுவிட்டார்கள். அங்கே மண்ணே கிடையாது. வலைக்கூரைக்குக் கீழே குழாய் குழாயாக ஓடும் தண்ணீரில் வெள்ளரியும் கீரையும் வளர்ந்தன. அந்தத் தண்ணீரில் உரத்தைக் கரைத்து, புளிப்பையும் உப்பையும் அளந்து சரிசெய்வதுதான் இவர் வேலை. வீட்டில் ஒரு நாள்கூட அடுப்படிப் பக்கம் வந்து சாம்பாரில் உப்புப் பார்த்திராத மனிதர்.

மறுநாளே பெரம்பலூருக்குப் போய் பிவிசி குழாய்களை வாங்கி, வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். உடன் வந்த பிளம்பர் மொட்டை மாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாத்ரூம் எங்க வருது பாய்?" என்று கேட்டார்.

"பாத்ரூம் இல்லீங்க. கீரை போடப் போறோம்."

பிளம்பர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் குழாய்களில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். உரத்துக்குத் திருச்சி வரை போக வேண்டியிருந்தது. கடைக்காரர் எத்தனை ஏக்கர் என்று கேட்டாராம். இவர் "மாடிதாங்க" என்றாராம். அதை வீட்டில் வந்து சொல்லியிருக்க வேண்டாம். சொன்னதால் ஒரு வாரத்துக்கு எங்களுக்குப் பொழுது போனது.

முதல் கலவையை அவர் கலக்கியபோது நாங்கள் எல்லாரும் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தோம். இரண்டு உரக் கரைசல்களையும் ஒரே வாளியில் ஊற்றினார். பளிச்சென்று இருந்த தண்ணீர் கண்ணெதிரே வெளுத்து, அடியில் மாவு மாதிரிப் படிந்தது.

"பால் திரிஞ்ச மாதிரி இருக்கேடா" என்றார் மாமியார்.

இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டையும் கெட்டியா இருக்கயில சேக்கக் கூடாது. சேத்தா சுண்ணாம்பா உறைஞ்சிடும். தொட்டி நெறையத் தண்ணி விட்டு, ஒண்ண ஊத்திக் கலக்கிட்டு, அப்புறந்தான் இன்னொண்ண ஊத்தணும். அங்க தெனம் செய்யிற வேலை, இங்க கை மறந்துபோச்சு."

"மாமியாரும் மருமவளும் மாதிரின்னு சொல்லுங்க. நடுவுல தண்ணி நெறைய வேணும்" என்றேன். மாமியார்தான் முதலில் சிரித்தார்.

இரண்டாம் முறை சரியாகக் கலக்கினார். புதினாவும் பாலக்கும் நட்டார். இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தன. அப்புறம் புது இலைகள் மஞ்சளடிக்கத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. புளிப்புப் பேனாவை விட்டுப் பார்த்தார். ஆறு காட்ட வேண்டியது ஏழரை காட்டியது. எண் ஏற ஏறப் புளிப்பு குறைவு என்று பொருளாம்.

"ஏழரைதான்" என்றார் மாமியார். "பெட்டிய தொறந்தப்பவே எனக்குத் தெரியும்."

குற்றம் எங்கள் போர்த் தண்ணீருடையது. இந்தப் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். காய்ச்சுகிற பாத்திரமெல்லாம் உள்ளே வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும். புளிப்புக் குறைந்த தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது, அதனால்தான் இலை வெளுக்கிறது என்றார் இவர். இலைக்குச் சோகை பிடித்திருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். ஊறுகாய்க்கு வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டுபோய்ப் பிழிந்து ஊற்றினார். பேனா உடனே ஆறு காட்டியது. அவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். மறுநாள் மறுபடியும் ஏழரை. மறுபடியும் எலுமிச்சை. ஊறுகாய் ஜாடி அந்த வருடம் காலியாகவே இருந்தது.

கடைசியில் திருச்சியிலிருந்து பாஸ்பாரிக் ஆசிட் வாங்கி வந்தார். ஆசிட் என்ற சொல்லைக் கேட்டதுமே மாமியார் மாடிப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். ரப்பர் கையுறை போட்டு, குவளைத் தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டு, அதைத் தொட்டியில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தார். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது, தெறிக்கும் என்று எனக்குப் பலமுறை சொல்லிக் கொடுத்தார். பேனா இறங்கியது, மறுநாளும் அங்கேயே நின்றது. புது இலைகள் பச்சையாக வந்தன. அவர் முகமும் தெளிந்தது. அந்த வாரமே விடுப்பு முடிந்துவிட்டது.

பயணத்துக்கு முந்தின நாள் மாடியில் என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒப்படைத்தார். ஊருக்குப் போகிற மனிதர் பெண்டாட்டியிடம் பேச ஆயிரம் இருக்கும் என்று நானும் பூ வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"பேனா மூக்கு காயக் கூடாது" என்றார்.

அதற்கப்புறம் எங்கள் குடும்ப வாழ்க்கை டெலிபோனில் நடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கூப்பிடுவார். மாமியார் பேசி முடித்து என்னிடம் கொடுப்பார்.

"எத்தனை காட்டுது?"

"ஏழு."

"ஆறுக்குக் கொண்டா. உப்பு?"

"உப்பு ஏறிக்கிட்டே போவுது."

"வெயில்ல தண்ணி வத்துதுல்ல, உப்பு வத்தாது. உரம் போடாத. வெறுந்தண்ணி ஊத்து."

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்ன வயசுலயே உப்பா? எந்த டாக்டர்கிட்ட காமிக்கிறே?" நான் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கையைப் பிடித்ததற்கு ஈடாக ஒரு கட்டுப் புதினா கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சித்திரை வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து தலைவலி. அவர் வழக்கம்போல் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தார்.

"தண்ணி எப்புடி இருக்கு, வேர் எப்புடி இருக்குன்னு கேக்குறீங்களே மச்சான், பொண்டாட்டி எப்புடி இருக்கான்னு ஒரு வார்த்தை?"

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சரி. நீ எத்தனை காட்டுறே?"

"ஏழரை."

அவ்வளவு தூரத்திலிருந்து அவர் சிரித்தது கூடம் முழுக்கக் கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, "ஆறுக்குக் கொண்டாற நான் என்ன செய்யணும்?" என்றார். அன்றைக்கு மட்டும் புதினாவைப் பற்றி அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. என்ன பேசினோம் என்பது இங்கே வேண்டாம். மாமியார் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார், அது போதும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வீட்டுக்கு வீடு மழைநீரைச் சேமிக்கச் சொல்லி அப்போது கெடுபிடியாக இருந்ததால், எங்கள் மாடித் தண்ணீரும் குழாய் வழியாக ஒரு டிரம்மில் விழுந்துகொண்டிருந்தது. அதில் சுண்ணாம்பே இருக்காதே என்று தோன்றியது. போனில் கேட்டேன்.

"நல்ல யோசனைதான். ஆனா முழுசா மழைத்தண்ணியே ஊத்துனா புளிப்பு ஒரு நெலையில நிக்காது, இங்கயும் அங்கயும் ஆடும். போர்த் தண்ணியும் பாதி கலந்துக்க."

பாதிக்குப் பாதி கலந்தேன். அதற்கப்புறம் ஆசிட் பாட்டிலை எடுக்க வேண்டிய நாள்கள் குறைந்துபோயின. புதினா குழாயே தெரியாமல் படர்ந்தது.

அதே மழையில்தான் நோன்பும் வந்தது. சுற்றுப்பட்டுக் கொல்லைகளில் எல்லாம் தண்ணீர் நின்று புதினாவும் கொத்தமல்லியும் அழுகிவிட்டன. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர், புதினா இல்லாத கஞ்சியை எப்படி ஊற்றுவது என்று கடைகடையாக அலைந்தார். பக்கத்து வீட்டு அக்காதான் எங்கள் மாடியைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் ஆள் வந்து நின்றார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மேலே போய் ஒரு அன்னக்கூடை நிறைய வெட்டிக் கொடுத்தேன். அன்று மாலை தூக்குவாளியில் வீட்டுக்கு வந்த கஞ்சியை நோன்பு திறந்ததும் குடித்தோம். எங்கள் புதினாவின் வாசம் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ, அந்த மாதம் முழுக்க எங்கள் கூடை போய்க்கொண்டேயிருந்தது.

பெருநாள் அன்று தெருவில் உள்ள பெண்கள் வாழ்த்துச் சொல்ல வந்தபோது பேச்சு கஞ்சிக்குத்தான் போனது. இவ்வளவு மழையிலும் எப்படி வளர்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். கோடையில் கொளுத்துகிற வெயிலில் பேனாவும் கையுமாக நின்றது, டிரம்மிலிருந்து குடம் குடமாகச் சுமந்தது எல்லாம் என் வாய் வரை வந்தது. அதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"எல்லாம் எம் மவன் கைராசிம்மா. சவுதியில உக்காந்துக்கிட்டே போனுல வளத்துட்டான்!"

நான் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை எல்லாருக்கும் வைத்துக்கொண்டே வந்து, மாமியார் தட்டில் மட்டும் சின்னத் துண்டாக வைத்தேன்.