இரண்டு நாள் நீலம்

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் எனக்கு ஒரு 'வெரி குட்' கிடைத்தது.

எட்டாம் வகுப்போடு நின்ற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. ஐம்பத்திரண்டு வயதில், அதுவும் சிறுநீருக்காக...

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து நான்கு வருடம். பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தப் பத்தியில் இதுவரை அதை எழுதவில்லை. வெட்கம்தான். மாதம் ஒருமுறை சின்னப் போத்தலில் சிறுநீரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து விட்டு, நாங்கள் கொண்டுபோனதில் சில துளி சேர்த்துச் சூடாக்கிப் பார்ப்பார்கள். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் டொக்டரின் முகமும் மாறும். செங்கல் நிறம் வந்தால் ஏச்சுத்தான்.

எனக்கு எப்போதும் நீலம்.

எப்படி என்கிறீர்களா? வித்தையைச் சொல்லித் தந்தவர் காசிம் நானா. கிண்ணியாவிலிருந்து படகில் துறை கடந்து அதே கிளினிக்குக்கு வருகிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முதல் தடவை மட்டும் என் குழாய் செங்கல்லாகி, நான் வாங்கிலில் உட்கார்ந்து தலை குனிந்திருந்தபோது பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்.

"தம்பி, கிளினிக்குக்கு முந்தின ரெண்டு நாளும் குரக்கன் கஞ்சியும் பாகற்காயும்தான். வேற ஒண்டும் வாயில வைக்கப்படாது. பொறகு பாருங்க, கடல் மாதிரி நீலம் வரும்."

"மற்ற நாளிலை, நானா?"

"மற்ற நாளில டொக்டர் பாக்கிறாரா?"

சொன்னபடியே வந்தது. அன்றிலிருந்து கிளினிக் முடிந்ததும் இருவரும் எதிரே உள்ள தேத்தண்ணீர்க் கடைக்குப் போவோம். டின்பால் விட்ட தேத்தண்ணீர், ஆளுக்கொரு இனிப்புப் பணிஸ். நீலத்தைக் கொண்டாட வேண்டாமா?

டொக்டர் நடக்கவும் சொன்னார். தினம் அரை மணித்தியாலம். நாள் முழுக்க படகுத்துறைக் கந்தோரில் கதிரையோடு ஒட்டியிருக்கிற வேலை எனக்கு. சரி, நடப்போம் என்று வெளிக்கிட்டேன். ஆனால் எங்கள் ஊரான பாலையூற்றில் ஒரு மனிதன் காரணமில்லாமல் நடக்க முடியுமா? முதல் நாளே பக்கத்து வீட்டு அண்ணர் படலையில் மறித்தார்.

"எங்கை தம்பி, விடியக்காத்தாலை?"

"சும்மா... நடக்கிறன்."

"சும்மாவோ? ஏன், வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

வருத்தத்துக்கு நடக்கிறேன் என்று சொல்லக் கூச்சம். மறுநாள் கையில் பன்புல்லால் பின்னிய ஒரு பையைக் கொண்டுபோனேன். பையோடு போகிறவனை ஒருவரும் கேட்பதில்லை — சந்தைக்குப் போகிறான் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் வெறும் பையோடு திரும்பலாமா? "என்ன, ஒண்டும் வாங்கேல்லையோ?" என்பார்களே! பணிஸ் வாங்கினேன். கிண்ணியாத் தயிர் ஒரு மண்முட்டி வாங்கினேன். வாழைப்பழம் ஒரு சீப்பு. வாங்கியதை எறியவா முடியும்? உடம்பு இளைக்க நடந்தவன் இரண்டு மாதத்தில் ஐந்து இறாத்தல் கூடினேன்.

பிறகு மழை வந்தது. நடையை விட்டேன். மழையும் விட்டது. நான் தொடங்கவில்லை.

சாப்பாட்டுக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தேன். சீனியைக் கூப்பனுக்கு அளந்து தந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டை வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடித்தோம். இப்போது கடை கடையாகச் சீனி. அது கிடைக்கிற நேரம் பார்த்துத்தானா எனக்குக் கூடாது என்க வேண்டும்? 'அந்த வருடங்களில் சாப்பிடாமல் விட்டதைத்தானே இப்போது சாப்பிடுகிறேன்' என்று மனைவியோடு வாதாடுவேன்.

"வாய்க்கு நியாயம் சொல்லிப்போட்டியள். உடம்புக்கு ஆர் சொல்லுறது?" என்பாள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. தயிர் இருந்தது.

போன செவ்வாய்க்கு வருகிறேன்.

இரண்டு மாதமாகக் காணாமலிருந்த காசிம் நானா அன்று வந்திருந்தார். மகன்மார் இருவர் தாங்கிக் கொண்டுவந்து வாங்கிலில் இருத்தினார்கள். உடுத்திருந்த சாரத்தின் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"ஒரு முள்ளுத்தான் தம்பி," என்றார். "குத்தினதும் தெரியல்ல, நொந்ததும் தெரியல்ல. கறுத்துப் போச்சு. காட்டினா டொக்டர் ஏசுவாரே எண்டு மறைச்சி வெச்சன். நீலம்தானே வருகுது, ஒண்டும் செய்யாது எண்டு நெனச்சன்."

பிறகு சிரித்தார்.

"இனி என்னைய நடக்கச் சொல்லி ஆரும் ஏச ஏலாது, பாருங்க."

சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். குழாய் நீலம். கடல் மாதிரி நீலம்.

"வெரி குட்! இப்பிடியே செய்துகொண்டு போங்கோ. நடக்கிறீங்கள்தானே?"

"ஓம் டொக்டர்."

"காலிலை காயம் ஏதும்?"

என் இடது காலின் சின்ன விரலில், சப்பாத்துக்குள்ளே, மூன்று கிழமையாக ஒரு கறுத்த புள்ளி இருக்கிறது. நோவில்லை. இவ்வளவு நாளும் எனக்கு ஆறுதல் தந்தது அந்த நோவில்லாமைதான். காசிம் நானாவைக் கண்ட பிறகு பயம் தருவதும் அதுதான்.

வாயெடுத்தேன். காயத்தைச் சொன்னால் கஞ்சியையும் சொல்ல வேண்டும். நான்கு வருடப் பொய்யையும் சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் வரிசை நீண்டு நின்றது. எல்லோருக்கும் காது இருக்கிறது.

"இல்லை டொக்டர்."

வெளியே வந்தபோது காசிம் நானாவைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கால்கள் பழக்கத்தில் வீதியைக் கடந்தன. கடைக்காரர் என்னைக் கண்டதும், கேட்காமலே, வழமைபோல இரண்டு தேத்தண்ணீரும் இரண்டு பணிஸும் கொண்டுவந்து வைத்தார். ஒன்றைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

எல்லாவற்றையும் நானே முடித்தேன்.

இனித் திருந்துவேன் என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடும். நான் நம்பமாட்டேன். என்னை எனக்குத் தெரியும். நாளைக்கே ஒரு மழை வரும், இல்லாவிட்டால் ஒரு பை வரும். ஆனால் வாயால் சொல்ல ஏலாததை எழுதலாம் அல்லவா? எங்கள் டொக்டர் இந்தப் பத்திரிகை வாசிப்பவர். அவருடைய மேசையில் கண்டிருக்கிறேன்.

டொக்டர், அந்த நீலம் பொய். விரல் கறுத்திருக்கிறது.