பீரோவில் வைத்த காது

மரப்பட்டறையில் அவளுக்கு ரம்பம் என்று பெயர். இழைப்பு மெஷின் ஓடும்போது மற்றவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு முகம் சுளிப்பார்கள். அவளோ தலையோரம் ஒட்டியிருக்கும் வட்ட வில்லையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் பலகையைத் தள்ளுவாள். பெயர் அதற்காக வந்ததில்லை. அவள் பேச்சில் ‘ச’ கொஞ்சம் வழுக்கும், ‘ர’ தேயும். யாராவது “என்ன?” என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. சொன்னதையே மறுபடி சொல்வாள், இன்னொரு முறை சொல்வாள், எதிராளி தலையாட்டும்வரை அறுப்பாள். மேஸ்திரியே பாதியில் “புரிஞ்சுது தாயே, புரிஞ்சுது” என்று கும்பிடு போட்டுவிடுவார்.

பிறவியிலேயே காது கேட்காதவள். மூன்று வயதில் ஆபரேஷன் செய்து உள்ளே ஒன்றைப் பொருத்தினார்கள். வெளியே காதுமடலில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் தலையில் காந்தமாய் ஒட்டிக்கொள்ளும் வில்லை. ஒட்டியிருந்தால் உலகம் கேட்கும். எடுத்துவிட்டால் பக்கத்தில் பானை உடைந்தாலும் தெரியாது.

இந்தக் கதையை அவள் அப்பா வாயால் கேட்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். எத்தனை டாக்டர், எத்தனை அலைச்சல், எத்தனை பேர் காலில் விழுந்தது என்று அடுக்கிவிட்டு, “இவளுக்குக் காது கொடுத்ததே நான்தான்” என்று துண்டால் கண்ணைத் துடைப்பார். துண்டு நனைந்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய தங்கை, அதாவது அத்தை, உடனே மூக்கை உறிஞ்சுவாள். “எங்க அண்ணன் மாதிரி அப்பன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்டி.” கேட்கும்போதெல்லாம் ரம்பத்துக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

மீதிக் கதையை அந்த மனிதர் சொல்லமாட்டார். அவர் ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் சோறு இறங்காது. வீட்டில் சர்க்கரை டப்பா பூட்டில், டிவி ரிமோட் பூட்டில். மகள் பாலைக் கொட்டினால், சத்தமாக அழுதால், அவர் செய்தி பார்க்கும்போது குறுக்கே பேசினால், கையை நீட்டுவார். “காதைக் கழட்டு.” காதும் பீரோவுக்குள் போய்விடும். சாயங்காலம் போனது மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வரும். மறுநாள் லீவாக இருந்தால் அன்றும் வராது. அம்மா கெஞ்சுவது அவளுக்கு வாயசைவாகத் தெரியும். ஒரு தடவை அம்மா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வெறும் தலையில் வாயை வைத்து ஏதோ நெடுநேரம் சொன்னாள். மூச்சின் சூடுதான் தெரிந்தது. என்ன சொன்னாள் என்பது இன்றுவரை தெரியாது. இனி கேட்கவும் அம்மா இல்லை.

கூட ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைகள் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இவள் ஒற்றைச் சொல்லிலேயே நொண்டிக்கொண்டிருந்தாள். பேச்சு டீச்சருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் சொல்லித்தரும் முறை எளிது. ஓர் அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்வார். உதட்டைப் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டுக் குழந்தை அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். வீட்டிலும் தினம் செய்யச் சொல்லியிருந்தார்.

“வீட்டுல செய்றீங்களா? மெஷினைப் போட்டு விடுறீங்களா?”

“தூங்குற நேரம் தவிர எப்பவும் காதுலதான் இருக்கு, மேடம்.”

அப்பா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் உதடு அவளுக்குத் தெரியவில்லை. உதட்டைப் பார்க்காமல் அவள் முழுசாகக் கேட்டுப் புரிந்துகொண்ட முதல் வாக்கியம் அந்தப் பொய்தான்! வாய் கூசாமல் சொன்னார். அன்றைக்குக் கறுவிக்கொண்டவள் பிறகு விடவே இல்லை.

அம்மா போன பிறகு அவர் மகள் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். இப்போது அவருக்கும் காது மந்தம். மகளே அழைத்துப்போய் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கி மாட்டிவிட்டாள். அக்கம்பக்கம் மெச்சியது. அவளுக்கோ அவரிடமிருந்து வேண்டியது ஒன்றே ஒன்று. பீரோவில் பூட்டினேன் என்று அவர் வாயால் வர வேண்டும். ஒருநாள் நேராகவே கேட்டாள்.

“நானா? எப்ப? உன் பேச்சு ஒண்ணும் புரியல, எழுதிக் காட்டு” என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவ்வளவுதான். அன்று அவர் குளிக்கப் போனபோது இரண்டு மெஷினையும் எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவள் கையாலேயே இழைத்துப் பூட்டுப் பொருத்திய பீரோ. வந்தவர் தலையணையை உதறினார், கட்டிலுக்கடியில் தவழ்ந்தார், கடைசியில் அவளைப் பார்த்துக் கையை விரித்தார். அவள் சாவியை விரலில் சுற்றிக் காட்டினாள். நெஞ்சு குளிர்ந்தது. கிழவர் கத்தக் கத்த, வில்லையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாவகாசமாகச் சாப்பிட்டாள்.

ஆனால் பழி வாங்குவதிலும் பாழாய்ப்போன ஒரு சிக்கல் இருந்தது. சீக்கிரமே அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். நன்றாகத் தூங்கினார். வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் காதைத் தொட்டுக் காட்டிப் பாவமாய்ச் சிரித்தார். அவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவள் திட்டினால்கூட அவர் காதில் விழாது. எதையும் கேட்காத சுகத்தை அவருக்குத் தானே வலியக் கொடுத்துவிட்டோம் என்று புரிந்தபோது அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். வந்ததும் வராததுமாக, “பெத்த அப்பனை இப்படிப் பண்ணலாமாடி?” என்று ஆரம்பித்தாள். ரம்பம் நேரே உள்ளே போனாள். பீரோவைத் திறந்தாள். புது பேட்டரி போட்டு இரண்டு மெஷினையும் அப்பாவின் காதில் பதமாகப் பொருத்தினாள். நாற்காலியை அவருக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பட்டறைப் பையிலிருந்து பலகைமேல் ஒட்டும் மைக்கா தகட்டில் ஒரு துண்டை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டாள்.

“நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்கப்பா. கதவு திறந்திருக்கு.”

“கதவு திறந்திருக்கு” என்றார் அவர். விளையாட்டு என்று நினைத்து முகம் மலர்ந்தது. அத்தைகூடச் சிரித்தாள்.

“என் பொண்ணுக்குக் காது கிடைச்சுது.”

“என் பொண்ணுக்குக் காது கிடைச்சுது!” இதைக் கொஞ்சம் கம்பீரமாகவே சொன்னார்.

“அதை நான் பீரோல வெச்சுப் பூட்டினேன்.”

அவர் முகம் மாறியது. “புரியல.”

“அதை நான் பீரோல வெச்சுப் பூட்டினேன்.”

“புரியலங்கறேன்ல? எழுதிக் காட்டு.”

அவள் குரலை உயர்த்தவில்லை. வழுக்கும் ‘ச’வோடும் தேயும் ‘ர’வோடும் அதையே சொன்னாள். மறுபடி சொன்னாள். பட்டறையே பெயர் வைத்த பொறுமை அது. அவர் தங்கையை உதவிக்குப் பார்த்தார். அத்தை சிரிப்பை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

“அண்ணே, அவ தெளிவாத்தானே சொல்றா” என்றாள் மெல்ல. “எனக்கே புரியுது.”

அதற்குமேல் அவருக்கு ஒளிய இடமில்லை. குனிந்த தலை நிமிராமல் முனகினார். “பீரோல வெச்சுப் பூட்டினேன்.”

“கேக்கல. டீச்சர்கிட்ட சொன்னீங்களே, அந்தக் குரல்ல.”

“பூட்டினேன்... நான்தான் பூட்டினேன்!”

அத்தை பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “உக்காருங்க அத்தை, இன்னும் முடியல” என்றாள் ரம்பம். அத்தை உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாய் எரிந்த வயிறு இப்போதுதான் ஆறத் தொடங்கியது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

அப்பாவின் கை காதுக்குப் போயிற்று. மெஷினைப் பிடுங்குவதற்குள் அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தொடைமேல் இறக்கி வைத்தாள்.

“தூங்குற நேரம் தவிர எப்பவும் காதுலதான் இருக்கணும்ப்பா” என்றாள்.

பிறகு மைக்கா துண்டை மறுபடி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள்.