ஒல்லாந்துக்காரரின் கடை

கனடாவில் கடை வைத்திருப்பவன் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது, விற்ற பொருள் திரும்பி வருவதற்கு. போன கிழமை வாங்கிய பெயின்ற் பிரஷ்ஷைக் கொண்டுவந்து ஒருவர் கவுண்டரில் வைப்பார். அதன் மயிரில் நீலம் காய்ந்து இறுகியிருக்கும். "இது எனக்குச் சரிவரவில்லை" என்று சிரித்தபடியே சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் என் வாப்பாவின் இரும்புக் கடைக்கு, பிழையான அளவில் வாங்கிப்போன கதவுப் பிணைச்சலை மாற்ற வருகிறவர், தெருவில் தெரிந்தவர்கள் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் படியேறுவார். இங்கே வாடிக்கையாளருக்கு வெட்கமில்லை. நான்தான் அந்தப் பிரஷ்ஷைக் கெடுத்தவன் மாதிரிக் குனிந்து வாங்கிக்கொண்டு "சொறி" என்று மன்னிப்புக் கேட்கிறேன். வெட்கம் என்பது எங்கேயோ ஓரிடத்தில் இருந்தாக வேண்டும்போலும். அவர்கள் படாவிட்டால் நாங்கள் படுகிறோம்.

கடை ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில், உயர்ந்த அப்பார்ட்மென்ற் கட்டடங்களுக்குக் கீழே இருக்கிறது. ஆணி, பூட்டு, குழாய், பெயின்ற் எல்லாம் விற்கிறேன். எனக்கு முன் இது எர்வின் என்பவருடைய கடை. முதலில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவருக்கு முழங்கால் ஏலாமற் போனபோது கடையை நான் பொறுப்பெடுத்தேன். அதன் பிறகும் காலையில் கோப்பியும் கையுமாக வந்து, கவிழ்த்து வைத்த பெயின்ற் வாளியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார். மனைவி இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை.

எந்த நாடு என்று யார் கேட்டாலும் எர்வின் "ஹொலன்ட்" என்பார். வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கும் அதைத்தான் சொன்னார். எனக்குப் பெரிய சந்தோஷம். "உங்கள் ஆட்கள் என் ஊரில் கோட்டை கட்டியிருக்கிறார்கள். ஒல்லாந்தர் கோட்டை. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்" என்றேன். நட்புக்காகச் சொன்னதுதான். அவர் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு அதைப்பற்றித் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனார். முன்னோர் எங்களை ஆண்டதற்காகக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடிற்று. சில வருடங்கள் கழித்து, திரைச்சீலைக் கம்பி வாங்க வந்த ஒரு முதிய பெண், அவர் ஒல்லாந்துக்காரர் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஆசையோடு தன் மொழியில் பேச்சுக் கொடுத்தாள். எர்வின் வாய் திறக்கவில்லை. கம்பியை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அவர் எங்கள் நாட்டவர் இல்லை. ஜேர்மன்காரர்." நான் அதை எர்வினிடம் கேட்கவில்லை. எனக்கும் வாயைத் திறக்க முடியாத விஷயங்கள் இருந்தன.

நான் யாழ்ப்பாணத்து முஸ்லிம். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் சனத்தை, தமிழருக்காகப் போராடிய இயக்கம் ஊரைவிட்டு வெளியேற்றியபோது நான் ஏற்கெனவே இங்கே வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் யாழ்ப்பாணத்து இந்துப் பொடியள் சிலரோடு ஓர் அப்பார்ட்மென்றில் இருந்தேன். செய்தி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வாப்பா, உம்மா, தவழ்ந்து முடித்து ஓடித் திரிகிற வயதில் இருந்த என் தம்பி ரியாஸ், எல்லோரும் உடுத்த உடுப்போடு புத்தளத்துப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அன்று சமையல் முறை என்னுடையது. நான் எழும்பவில்லை. ஒருவன் சமைத்தான். இன்னொருவன் என் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தான். எல்லோரும் நல்லவர்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் வெகு காலம் மனதுக்குள் வைத்திருந்தேன்.

பிறகு பார்த்தால், என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்து இந்துக்கள்தான். அதில் ஒருவர் யோகம் அன்ரி, பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவர். ஊரில் வண்ணார்பண்ணை. எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டாயிரத்து ஒன்பதில், போர் முடிகிற மாதங்களில், அவவின் தங்கை வன்னிக்குள் அகப்பட்டிருந்தா. நகரத்துத் தெருக்களில் தமிழ்ச் சனம் பதாகை பிடித்து நின்ற நாட்கள் அவை. பதாகைக்குத் தடிகள் வாங்க அன்ரி என்னிடம்தான் வந்தா. நான் சிராய் இல்லாத தடிகளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். "நீங்களும் வாறியளே தம்பி?" என்று ஒருநாள் கேட்டா. கடையில் ஆளில்லை என்றேன். எர்வின் வாளியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் எல்லாம் முடிந்த அன்று காலை ரியாஸ் ஃபோன் எடுத்தான். புத்தளத்து அகதிக் குடியிருப்பில் வளர்ந்து, சொந்தமாக ஒரு லொறி ஓட்டுகிற இளைஞன் இப்போது. அவனுக்குப் பின்னால் பட்டாசு வெடித்தது. அண்ணனை எங்களில் நானா என்போம்.

"நானா, முடிஞ்சுது! இனி நாங்க ஊருக்குப் போகலாம். வாப்பா இருந்திருந்தா இண்டைக்கு என்ன செய்திருப்பார், சொல்லுங்க பாப்பம்!"

"ஊர்க் கடையைத் திறக்க, முதல் பஸ்ஸிலயே ஏறியிருப்பார்" என்றேன். இருவரும் சிரித்தோம். அப்படி நான் சிரித்து வெகு காலமாகியிருந்தது. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. "போவமடா, நாங்கள் போவம்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினால், கவுண்டருக்கு அந்தப் பக்கம் யோகம் அன்ரி நின்றா.

எவ்வளவு நேரம் நின்றாவோ தெரியாது. கையில் ஒரு பல்ப். கண்கள் வீங்கியிருந்தன. நான் ஃபோனைக் கீழே இறக்கினேன். உள்ளேயிருந்து ரியாஸின் குரல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

"கதைச்சு முடியுங்கோ தம்பி" என்றா. "நான் பிறகு வாறன்." பல்பை உருளாமல் மெல்ல வைத்துவிட்டுப் போனா.

எனக்குச் சிரிக்க உரிமை இல்லையா? இருந்தது. இன்றைக்கும் இருந்தது என்றே சொல்வேன். ஆனால் அந்த உரிமை என்னை நிமிர்ந்து நிற்க விடவில்லை. கடையை மூடுவோம், இனி ஒருவர் முகத்திலும் முழிக்க வேண்டாம் என்று போய், வாசலின் இரும்புத் திரையை இழுத்தேன்.

"அதை இறக்காதே!"

எர்வின் எழுந்து நின்றார். கோப்பி கொட்டியிருந்தது. எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிருக்காது. "ஊரில் போர் முடிந்துவிட்டது" என்று சொன்னேன். "தெரியும், ரேடியோவில் சொன்னார்கள்" என்றவர், பிறகு தரையைப் பார்த்தபடி, எத்தனையோ வருடம் சொல்லாததைச் சொன்னார். அவருடைய தகப்பன் ஜேர்மனியில் ஒரு சிறிய ஊரில் சப்பாத்து வியாபாரி. ஊருக்கு வெளியே ஒரு முகாம் இருந்தது. "அது எல்லோருக்கும் தெரியும். பிறகு ஒருவருக்கும் தெரியாமற் போய்விட்டது" என்றார். போர் முடிந்து முகாம் திறக்கப்பட்டதும் அங்கிருந்தவர்கள் அவர்களுடைய தெருவழியே நடந்து வந்தார்கள். பலருக்குக் காலில் ஒன்றுமில்லை. சிலர் கடைக் கண்ணாடிக்குள் இருந்த சப்பாத்துக்களைப் பார்த்தபடி நின்றார்கள். தகப்பன் திரையை இறக்கினார். சிறுவனான எர்வின் அதன் இடுக்கு வழியே பார்த்தான்.

"அடித்தார்களா? கல் எறிந்தார்களா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். "கொஞ்ச நேரம் நின்றார்கள். போய்விட்டார்கள்."

அவர் எனக்குப் புத்தி சொல்லவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. தமிழ்ச் சனம் வந்து என் கடையை உடைத்துவிடுவார்கள் என்று நான் பயப்படுவதாகத்தான் கடைசிவரை நினைத்திருந்தார். நான் திரையை மேலே தள்ளினேன். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பல்பை எடுத்துக்கொண்டு அன்ரியின் கட்டடத்துக்கு நடந்தேன்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஆட்கள் நிலத்தில் இருந்தார்கள். ரிவியில் சத்தம் இல்லாமல் செய்தி ஓடியது. அன்ரி என்னைக் கண்டதும் எழும்பி வந்தா. பல்பை நீட்டினேன். செத்த வீட்டுக்குப் பல்ப் கொண்டு வந்த மடையன்!

"உங்கட தம்பிதானே கதைச்சது?" என்று அவதான் கேட்டா.

"ஓம் அன்ரி."

"புத்தளத்தில லொறி வைச்சிருக்கிறார் எண்டு முந்திச் சொன்னனீங்கள். வன்னிச் சனத்தை வைச்சிருக்கிற வவுனியா முகாமுகளுக்குச் சாமான் ஏத்துற ஆக்களை அவருக்குத் தெரியுமே? என்ர தங்கச்சி உயிரோட வெளியில வந்தாளோ எண்டு ஒருக்காப் பாக்கச் சொல்லுவியளே?"

அந்தக் கேள்வியில் ஏச்சு இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இருக்கவில்லை. படிக்கட்டில் நின்றே ரியாஸுக்கு ஃபோன் எடுத்தேன். அன்ரி கேட்டதைச் சொன்னேன்.

"நாங்க போகேக்க எங்களை ஆராவது தேடினவங்களா நானா?"

"இல்லை" என்றேன்.

"பிறகு என்னத்துக்கு நான் தேட?"

"எனக்குத் தெரியாதடா. நான் கேக்கிறன்."

அவன் ஃபோனை வைத்துவிட்டான். இரண்டு மூன்று கிழமை ஒரு பேச்சும் இல்லை. அன்ரி கடைக்கு வருவா, என் முகத்தைப் பார்ப்பா, ஒன்றும் கேளாமல் போவா. அவன் மறுத்துவிட்டான் என்று சொல்லாமல் "தேடுறான் அன்ரி" என்று ஒருநாள் பொய் சொன்னேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, பொய் இல்லை என்று. எனக்குச் சொல்லாமலே அவன் ஒவ்வொரு முகாம் வாசலாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். ஒரு மாலை அழைப்பு வந்தது. "ஆள் இருக்கிறா. ஒரு மகளும் இருக்கிறா. மற்றப் பிள்ளை இல்லை. கம்பிக்கு அங்கால நிண்டு என்னைத் தம்பி எண்டு கூப்பிட்டா நானா" என்றான்.

அந்தக் கோடையில், சாவி வெட்ட வந்த ஓர் இளம்பெண் எர்வினின் உச்சரிப்பைக் கேட்டு எந்த நாடு என்றாள். எர்வின் என்னைப் பார்த்தார். பிறகு முகாம் இருந்த தன் ஊரின் பெயரையே சொல்லிவிட்டார். "ஓ, நான் அந்தப் பக்கம் பனிச்சறுக்கு விளையாடப் போயிருக்கிறேனே, எவ்வளவு அழகு!" என்றாள் அவள். அவ்வளவுதான். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எர்வின் ஆறுதலடைந்ததாகத் தெரியவில்லை. யாரோ ஒருவர் தன்னை ஏச வேண்டும் என்று காத்திருந்து ஏமாந்தவர் மாதிரி அன்று நேரத்தோடு வீட்டுக்குப் போனார்.

போரில் மூடிய பாதை திறந்த பிறகு ரியாஸ் யாழ்ப்பாணம் போனான். வெளியேறும்போது அவன் சின்னப் பிள்ளை, ஒன்றும் நினைவில்லை. ஃபோனில் கிசுகிசுத்தான்: "சிவன் கோயிலடியில நிக்கிறன் நானா. எங்கட வீட்டுக்கு வழி கேக்க வெக்கமா இருக்கு." அன்ரி அப்போது கடையில் நின்றா. "தாங்கோ, நான் சொல்லுறன்" என்று ஃபோனை வாங்கினா. கண்ணை மூடிக்கொண்டு, "இறங்கி நேர வாரும் தம்பி... ஒரு மதில் வரும்... இப்ப இருக்குதோ தெரியாது... அப்பிடியே வாரும்" என்று அவனை நடத்திக்கொண்டு போனா. அவவும் அந்தத் தெருவைப் பார்த்து இருபது வருடம். கடைக்குள் அந்த வெயில் எனக்குப் பட்டது. எங்கள் முஸ்லிம் வட்டாரம் தொடங்குகிற அஞ்சு சந்தி வந்ததும் நின்றா. கண்ணைத் திறந்தா.

"இதுக்கு அங்கால எனக்குத் தெரியாது" என்றா. குரல் இறங்கிவிட்டது. "அவ்வளவு கிட்ட இருந்தும் நான் ஒருநாளும் அங்கால வந்ததில்லைத் தம்பி." ஃபோனை என்னிடம் நீட்டினா.

"நானா, அஞ்சு ரோட்டுப் பிரியுது. எது?"

நான் கண்ணை மூடினேன். பள்ளிவாசலைத் தேடினேன். வாப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் ஒழுங்கையைத் தேடினேன். எனக்கு வந்தது ஸ்காபரோவின் கென்னடி வீதி. வெளிச்சம் பச்சைக்கு மாற, இடப்பக்கம் திரும்பி, கடைக்குப் பின்னால் நான் தினமும் கார் விடுகிற இடம்.

"நானா, கேக்குதா? எது எங்கட?"