பஞ்சண்ணையின் ஓடாத கார்

பக்கத்து வீட்டுப் பஞ்சலிங்கத்தை எனக்கு நன்றாகப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

உரும்பிராயில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். கோயில் மணி அடிப்பதற்கு முதலே அவருடைய கார் என்னை எழுப்பிவிடும். போர்ட்டிக்கோவில் நின்ற இடத்திலேயே நின்று உறுமும். ஐந்து நிமிடத்தில் அதை நிறுத்துவார். காருக்கென்றே தைப்பித்த சீலையை இழுத்து மூடுவார். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மனிதர் மறுபடி படுத்துவிடுவார். எனக்குத்தான் போன நித்திரை திரும்பி வராது.

கமநல சேவை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். கைக்கு வந்த காசில் வாங்கியது அந்தச் சின்ன யப்பான் கார். வாங்கி எத்தனையோ வருடம் ஆகியும் உள்ளே புதுக்கார் வாசம் போகவில்லை. போவதற்கு அது வெளியே போனால்தானே! வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயில் வரைக்கும் போகும். நடந்தே போகக்கூடிய தூரம். பெற்றோல் தட்டுப்பாடு வந்த காலத்தில் ஊரே வரிசையில் நின்றது. பஞ்சண்ணையும் நின்றார், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு. ஓடாத காருக்குப் பெற்றோல் வரிசையில் நின்ற ஒரே மனிதர் இந்தக் குடாநாட்டில் அவராகத்தான் இருக்கும். காரின் பெற்றோல் ராங்கி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சின் ஒயில் பார்க்கிற சடங்கு நடக்கும். முன்பக்கப் பொனற்றைத் தூக்கி, ஒயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, பழைய துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, மதிலுக்கு மேலால் எனக்குக் காட்டுவார்.

"பார் தம்பி, ஒரு சொட்டுக் குறையேல்லை."

கொஞ்சக் காலத்தில் அந்தப் பேச்சும் மாறிவிட்டது.

"இஞ்சை பார், மேல் கோட்டையும் தாண்டி நிக்குது! மற்றவையின்ரை கார் ஒயில் குடிக்கும். என்ரை கார் சுரக்குது."

நான் வங்கியில் வேலை செய்கிறவன். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பால் கறக்கிற மாட்டைப் பார்ப்பதுபோல அந்தக் காரைப் பார்த்து வியந்தேன். ஒயில் மாற்றுவதில்லையா என்று ஒருநாள் கேட்டதற்கு, ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடினால்தானே மாற்ற வேண்டும், இது இன்னும் ஆயிரம்கூட ஓடவில்லையே என்றார். அதுவும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு விஷயத்தில். அவருடைய மனைவி குணலட்சுமிக்கு முழங்கால் வருத்தம். குணமக்காவின் தமக்கை காங்கேசன்துறையில் இருக்கிறார். இராணுவம் பிடித்துவைத்திருந்து விட்ட காணியில் திரும்பவும் வீடு கட்டிக் குடியேறியவர். தமக்கையைப் பார்க்கக் குணமக்கா இரண்டு பஸ் மாறிப் போவார். காலை இழுத்து இழுத்து பஸ் படி ஏறுவார். கார் சீலையைப் போர்த்துக்கொண்டு போர்ட்டிக்கோவில் படுத்திருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"பஞ்சண்ணை, அக்காவைக் காரிலை கூட்டிக்கொண்டு போனா என்ன? ஆருக்காக உந்தக் காரைப் பொத்திப் பொத்தி வைச்சிருக்கிறியள்?"

"அவவுக்காகத்தான்" என்றார். சீலையின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

இந்த மனிதருக்கு விசர் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் குணமக்கா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். ஒயில் துடைக்கிற துணியும் அதற்குள் கிடந்தது. அதை முகர்ந்து பார்த்தவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ, உந்தத் துணி பெற்றோல் மணக்குது."

"விசர்க்கதை கதையாதையும். ஒயில் துடைச்ச துணி என்னெண்டு பெற்றோல் மணக்கும்?"

பஞ்சண்ணையிடம் மணம் பற்றிக் கேட்டுப் பயனில்லை. கொரோனா வந்துபோன பிறகு அவருக்குக் கருவாடும் சாம்பிராணியும் ஒன்றுதான். குணமக்கா துணியை மதிலுக்கு மேலால் என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, பெற்றோல்.

"அண்டைக்கும் உப்பிடித்தான் ஒயில் மணந்தது" என்றார் குணமக்கா. "அப்ப மண்ணெண்ணெய். இப்ப பெற்றோல்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பஞ்சண்ணையின் முகம் வெளுத்துவிட்டது. கம்பியை உருவி ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். வழவழப்பு இல்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து, "தம்பி, கிருஷாந்தின்ரை கராஜ் வரைக்கும் வாறியோ?" என்று கேட்டார். குரல் அவருடையதாகவே இல்லை.

கிருஷாந் சந்தியில் கராஜ் வைத்திருக்கிற பொடியன். பஞ்சண்ணைக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. மெல்ல ஓட்டிக்கொண்டு போன காருக்குக் கீழே வாளியை வைத்து ஒயிலைத் திறந்துவிட்டான். அது தண்ணீரைப்போல ஓடி விழுந்தது.

"ஒவ்வொரு நாளும் ஸ்ராட் பண்ணி உடனை நிப்பாட்டிறனீங்களோ அண்ணை?"

"ஓம். பற்றறி இறங்காமல் இருக்கவெண்டு."

"அதுதான். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடப் போகும். எரியாத பெற்றோல் வழிஞ்சு ஒயிலோடை கலக்கும். எஞ்சின் நல்லாச் சூடேறி ஓடினா அது ஆவியாப் போயிடும். நீங்கள் சூடேற முதலே நிப்பாட்டிப்போடுவியள். கூடினது ஒயில் இல்லை அண்ணை, பெற்றோல்."

பஞ்சண்ணை வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு அவசரம் வந்து, உந்த ஒயிலோடை சாவகச்சேரி வரைக்கும் ஓடியிருந்தா?"

"சொல்லேலாது. அரைவழியிலை எஞ்சின் இறுகிப் பிடிச்சிருக்கும்."

அங்கே கிடந்த ஒரு பழைய ரயரில் பஞ்சண்ணை பொத்தென்று உட்கார்ந்தார். கிருஷாந் புது ஒயில் விட்டு முடிக்கும்வரை அவர் எழும்பவில்லை. அப்போதுதான் தொண்ணூற்றைந்தில் நடந்ததை எனக்குச் சொன்னார்.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே ஊரைவிட்டு ஓடிய இடப்பெயர்வு அன்று அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. பெற்றோல் இல்லாத காலம், எல்லாரையும்போல அவரும் மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார். மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்திருந்தது அவருக்குத் தெரியும். மாற்ற ஒயில் கிடைக்கவில்லை. ஆறு மாதக் கர்ப்பிணி மனைவியை ஏற்றிக்கொண்டு, சனத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து, செம்மணி வெளி வரைக்கும் போனார். அங்கே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. நல்ல மழை. காரை உருட்டி ஓரத்தில் விட்டார். குணமக்கா வயிற்றைப் பிடித்தபடி சாவகச்சேரி வரைக்கும் நடந்தார். அந்தப் பிள்ளை தங்கவில்லை.

"ஒரு வார்த்தை என்னைப் பேசேல்லைத் தம்பி. இண்டைவரைக்கும் பேசேல்லை. பேசியிருந்தாலாவது ஆறியிருக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொருக்கா ஓடவேண்டி வந்தா அவவை நடக்க விடக்கூடாதெண்டுதான் உந்தக் காரை வாங்கினது. தேயாமல், பழுதாகாமல், ராங்கி நிறையப் பெற்றோலோடை வைச்சிருந்தன். நானே பழுதாக்கிப்போட்டன்."

  அந்தப் பயம் இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது. அவர் அதைப் போர்ட்டிக்கோவில் நிறுத்திவைத்திருந்தார், அவ்வளவுதான்.

நல்ல காலம், எஞ்சினுக்குப் பெரிய சேதம் ஒன்றுமில்லை. கிழமைக்கு இரண்டு தரமாவது அரைமணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓடுங்கோ, எஞ்சின் வடிவாச் சூடேற வேணும் என்று சொல்லி அனுப்பினான் கிருஷாந்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கார் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. பின் ஆசனத்தில் நான். வழியில் நின்றுவிட்டால் தள்ளுவதற்கு ஒரு ஆள் வேண்டுமாம். குணமக்கா முன்னால் மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு, கலியாண வீட்டுக்குப் போகிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மல்லாகத்தில் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு யந்திரம் எங்களை முந்திக்கொண்டு போனது. அதன் பெட்டியில் இருந்த வெங்காய மூட்டைகளுக்குமேல் ஒருவர் நிம்மதியாகப் படுத்திருந்தார்.

"ஏதும் மணக்குதோ?" பஞ்சண்ணை ஒவ்வொரு சந்தியிலும் கேட்டார்.

"ஒண்டும் மணக்கேல்லை. ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

தமக்கை வீட்டில் பஞ்சண்ணைக்கு மாப்பிள்ளை வரவேற்புத்தான். வடையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார், கண் முழுக்கக் காரில். குணமக்காவும் தமக்கையும் கதைத்த கதை முடியவே இல்லை. பொழுதுபடுகிற நேரம்தான் திரும்பினோம்.

தெல்லிப்பழை தாண்டுவதற்குள் குணமக்கா நித்திரையாகிவிட்டார். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. பஞ்சண்ணை அடிக்கடி திரும்பிப் பார்த்தார்.

எங்கள் ஒழுங்கை வந்தது. சிக்னல் லைற்றைப் போட்டார். மனைவியை ஒருதரம் பார்த்தார். சிக்னலை நிறுத்திவிட்டு நேரே ஓட்டினார்.

"அண்ணை, வீடு..." என்று நான் தொடங்க, கண்ணாடியில் என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஆட்டினார். பின்னுக்குச் சாய்ந்துகொண்டேன்.

கோண்டாவில் போனது, திருநெல்வேலி போனது. பள்ளம் வந்த இடமெல்லாம் மெல்ல மெல்ல இறக்கி ஏற்றினார். சூடு காட்டுகிற முள்ளை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அது காங்கேசன்துறைக்குப் போகும்போதே நடுவுக்கு வந்துவிட்டது, இப்போதும் நடுவில்தான் நின்றது. எனக்கு அழுகை வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

செம்மணி வெளிக்கு முன்னாலிருக்கிற அரியாலையில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போக, குணமக்கா திடுக்கிட்டு முழித்தார்.

"எங்கையப்பா நிக்கிறம்?"

"அரியாலை."

"அரியாலையோ! வீட்டை போகேல்லையோ?"

"எஞ்சின் இன்னும் வடிவாச் சூடேறேல்லையப்பா. நீர் நித்திரை கொள்ளும்."