காற்றுப்பட்ட சிப்பிச் சுண்ணாம்பு

சிவரூபி லிங்கநகரில் இருக்கிறார். நகரத்துப் பாடசாலை ஒன்றின் ஆய்வுகூட உதவியாளர். டீசல் இல்லாமல் படகுகளெல்லாம் கரையில் கிடந்த 2022இல், பொரித்துக் கழித்த எண்ணெயிலிருந்து எரிபொருள் செய்து பார்க்கத் தொடங்கினார்.

நிலாவெளி ஹோட்டல்களில் எண்ணெய் கிடைத்தது. அதை வடித்து, ஈரம் போகக் காய்ச்சி, மெதனோலுடன் சேர்த்துச் சூட்டில் கலக்க வேண்டும். சும்மா கலக்கினால் இரண்டும் மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். அவற்றை வினைபுரிய வைக்க ஓர் ஊக்கி தேவை. கொட்டியாரக் குடாக் கரையில் கிடக்கும் சிப்பி ஓடுகளைக் கிண்ணியாவிலுள்ள சுண்ணாம்புச் சூளையில் நன்றாகச் சுட்டு, மாவாக்கி, அதையே ஊக்கியாகப் போட்டார். எட்டு மாதம் பிழையாகவே வந்தது. பிறகு சரிவந்தது. சல்லியைச் சேர்ந்த தங்கத்துரை தன் டீசல் படகில் அதை ஊற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, புகை குறைவு, இஞ்சின் சத்தமும் நல்லது என்றார்.

செய்தி பரவியதும் அதே எரிபொருளைச் செய்து விற்க ஒரு கம்பனி வந்தது. துறைமுகத்துக்குக் கிட்டப் பெரிய கொட்டகை எழும்பியது. வாசலில் பச்சை எழுத்தில் பெயர்ப்பலகை. முகாமையாளர் அருளம்பலம் சிவரூபியிடம் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார். சிவரூபி மறைக்கவில்லை. கரையெல்லாம் புகையில்லாத படகுகள் ஓடினால் போதும் என்றுதான் நினைத்தார்.

ஒரு சனிக்கிழமை கொட்டகைக்குப் போனபோது, சுட்ட சிப்பி மா வாய் திறந்த சாக்குகளில், கடற்காற்று அடிக்கும் பக்கமாக அடுக்கிக் கிடந்தது. காற்றிலுள்ள ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் குடித்தால் அது ஊக்கியாக வேலை செய்யாது, எண்ணெய் பாதி மாறாமல் எரிபொருளோடு போகும், காற்றுப் புகாத வாளியில் அடைக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். அருளம்பலம் சிரித்துக்கொண்டு, சுண்ணாம்பு கெட்டுப்போகிற சாமானா என்று கேட்டார். சிவரூபி வீட்டுக்குப் போய் அதையே கடிதமாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினார்.

பதில் வரவில்லை. ஆறு கிழமை கழித்து, கம்பனி எரிபொருளில் ஓடிய தங்கத்துரையின் படகு நடுக்கடலில் நின்றது. மாறாத எண்ணெய் எரிபொருள் வடிகட்டியில் பசையாக அடைத்திருந்தது. ஒன்றரை நாள் அலையோடு இழுபட்டு, வேறொரு படகு கட்டி இழுத்து வந்தபோது அவருடைய உதடெல்லாம் வெடித்திருந்தது. அதே கிழமை இன்னும் நான்கு படகுகள் நின்றன.

மீனவர் சங்கக் கட்டடத்தில் கூட்டம் வைத்தார்கள். அருளம்பலம் அறிக்கை வாசித்தார். சிப்பி ஊக்கி என்ற முறையே பிழை என்றும், அது படிப்பில்லாத ஒருவரின் பரிசோதனை என்றும் அதில் இருந்தது. சங்கத்தின் கையொப்பம் வேண்டும் என்றார்.

சிவரூபி எழும்பினார். பாடசாலையிலிருந்து கொண்டுவந்த இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் மெதனோல் இருந்தது. ஒன்றில் தன் வீட்டு எரிபொருளையும், மற்றதில் தங்கத்துரையின் தாங்கியில் மிஞ்சியதையும் விட்டுக் குலுக்கி மேசையில் வைத்தார். முதலாவது தெளிவாக நின்றது. இரண்டாவதின் அடியில் மஞ்சளாக எண்ணெய் படிந்தது.

"இது மாறாத எண்ணெய், மெதனோலில கரையாது. ரெண்டுக்கும் ஒரே சிப்பிதான்," என்றார். "நான் மூடி வச்சனான். நீங்கள் காத்தில போட்டனீங்கள்."

"தங்கச்சி, அறிக்கையின்ர பிரதி ஒண்டு ஏற்கனவே கொழும்புக்குப் போயிட்டுது," என்றார் அருளம்பலம்.

"என்னைத் தங்கச்சி எண்டு கதைக்க வேண்டாம். என்ர கடிதம் உங்கட மேசையில கிடக்கேக்க இந்த மனுசன் தண்ணியில்லாமல் கடலில கிடந்தவர். அதையும் அறிக்கையில எழுதுங்கோ."

சங்கத்தார் கையொப்பமிடவில்லை. ஆனால் அறிக்கை மாறவுமில்லை. மூன்று மாதத்தில் கம்பனி கொட்டகையைப் பூட்டிக்கொண்டு போனது. சிவரூபி திணைக்களங்களுக்கு ஐந்து கடிதம் எழுதினார்; ஒன்றுக்கு மட்டும், கிடைக்கப்பெற்றது என்று பதில் வந்தது.

இப்போதும் அவர் எரிபொருள் செய்கிறார், இரண்டு படகுகளுக்கு மட்டும். வாங்குபவர் முன்னால் போத்தலில் குலுக்கிக் காட்டாமல் ஒரு கலன்கூடக் கொடுப்பதில்லை.

தங்கத்துரை வாங்குவதில்லை. ஒருநாள் சந்தையில் கண்டபோது அவராகவே வந்து கதைத்தார்.

"உங்களில பிழையில்லை எண்டு தெரியும். ஆனா அதை ஊத்தி இஞ்சினை இழுக்க எனக்கு ஏலாது, பிள்ளை."

சிவரூபி ஓம் என்று தலையாட்டினார். அவரில் கோபப்பட ஒன்றும் இருக்கவில்லை. எட்டு மாதம் உழைத்துக் கட்டிய நம்பிக்கையை ஆறு கிழமையில் கெடுத்தவர்கள் இன்னொரு ஊரில் இன்னொரு பச்சைப் பலகை நாட்டிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்புத்தான், மீன் வாங்க மறந்து வீடுவரை அவரை நடக்க வைத்தது.