சத்தம் நின்ற வண்டி

என் மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, சத்தம் என்றாலே ஆகாது. உடனே, ஏதோ தியானத்தில் மூழ்கிக் கிடக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே கீச்சென்று கேட்டாலும் அது தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று நம்புகிற மனிதர், அவ்வளவுதான். துணி தைக்கும் தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுவது அவர் வேலை. நீண்ட கூடத்தில் வரிசை வரிசையாக இயந்திரங்கள். நடுவில் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியோடு இவர். ஓர் இயந்திரம் லேசாக முனகினாலும் போதும், தைக்கிற பெண்கள், "எண்ணெய் அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க" என்று குரல் கொடுப்பார்கள். இரண்டு சொட்டு விட்டு, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, அடுத்ததற்கு நகர்வார். அவர் கை பட்ட இயந்திரம் மக்கர் செய்ததில்லை என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். கதவு, ஜன்னல், மின்விசிறி, எதுவும் வாய் திறக்கக் கூடாது. கதவு திறக்கிற சத்தமே இல்லாததால், அவர் பின்னால் வந்து நிற்பது தெரியாமல் அக்கா பல தடவை கையில் இருந்ததைக் கீழே போட்டிருக்கிறாள்.

"எனக்கும் ரெண்டு சொட்டு விட்டுடுங்க, நானும் சத்தம் போடாம கிடக்கறேன்" என்பாள்.

"உனக்கு ரெண்டு சொட்டு எந்த மூலைக்கு? பீப்பாதான் வேணும்" என்பார் மாமா.

நான் மாடியில் குடியிருக்கிறேன். இந்தச் சண்டையெல்லாம் எனக்கு இலவசம்.

கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்தவள் அவர்கள் மகள். பாப்பா என்றால் மாமாவுக்கு உயிர். எங்கள் தெரு முனையிலிருந்து இறங்கும் சரிவுச் சாலையின் அடிவாரத்தில் அவள் பள்ளிக்கூடம். பேருந்துக் கூட்டத்தில் பிள்ளை நசுங்குகிறாள் என்று யாரையும் கேட்காமல் ஒரு பழைய காரை வாங்கி வந்து நிறுத்தினார். தினமும் காலையில் அதைத் துடைத்த துடைப்பில் பெயின்ட் தாங்குமா என்று எனக்கே சந்தேகம். பாப்பா பின் இருக்கையில் ராணி மாதிரி ஏறி உட்காருவாள்.

கொஞ்ச காலத்தில் அந்தக் கார் கத்த ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றுமில்லை. பிரேக்கை மிதித்தால்தான், கண்ணாடியில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு கார் பட்டறை. அதன் மெக்கானிக் ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்க வந்தபோது சொன்னார்.

"உங்க மாமா வண்டி கத்திட்டுப் போகுது, கவனிச்சீங்களா? பிரேக் பேட் தேஞ்சு போச்சு. இந்த வாரமே கொண்டு வரச் சொல்லுங்க."

அன்றைக்கே மாமாவிடம் சொன்னேன். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"கீச்சுன்னு ஒரு சத்தம். அதுக்குப் போய் நான் இன்னொருத்தன் பட்டறை வாசல்ல நிக்கணுமா? வாழ்க்கை பூரா நான் என்ன வேலை பாக்கறேன்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். சக்கரத்தின் இடுக்கு வழியாகக் குப்பியின் நீண்ட மூக்கை உள்ளே விட்டிருந்தார். பாலாடையில் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பொறுமை அந்தக் கையில் இருந்தது. மறுநாள் காலை வண்டி வாயே திறக்கவில்லை.

"பாத்தியா? நடைபாதைப் பக்கத்துச் சக்கரம்தான் முனகிச்சு. நல்லா விட்டேன், அடங்கிடுச்சு" என்றார். உச்சி குளிர்ந்து போயிருந்தது அவருக்கு. எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. கார் விஷயத்தில் நான் சுத்தப் பூஜ்யம்.

அதற்கு அடுத்த நாள் மழை. என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பாப்பா பின்னால் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டு வந்தாள். தெரு முனையில் அவர் பிரேக்கை மிதித்தபோது, வண்டி எதிர்வரிசைப் பக்கமாக வெடுக்கென்று இழுத்தது. எதிரே வந்த வேன்காரர் திட்டிவிட்டுப் போனார். நின்றதும் உள்ளே ஏதோ கருகிய நாற்றம்.

"மாமா, வண்டி ஒரு பக்கமா இழுக்குதே?"

"ரோடு ஈரம்."

"தீஞ்ச வாசனை கூட வருது."

"நீ மருந்துக் கடையில இருந்து மூக்கக் கெடுத்து வச்சிருக்கே" என்றார். பாப்பா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனாலும் என் கடை வாசலில் இறங்கியபோது எனக்கு மனசு சரியில்லை. ஒரு வண்டி இவ்வளவு அமைதியாக இருப்பது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. காரணம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. நான் கடையின் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தேன். மாமாவின் கார் கடையைத் தாண்டிப் போனது. முன்னால் போன சைக்கிளுக்காக அவர் வேகத்தைக் குறைக்கப் பார்த்தார். துளிச் சத்தம் இல்லை. பாப்பா எனக்குக் கையாட்டினாள். கார் சரிவுப் பக்கம் திரும்பியது.

பட்டறை வாசலில் நின்ற மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, "சத்தத்தக் காணோமே. வேற எங்கயாவது பேட் மாத்திட்டாரா?" என்றார்.

"அவராவது மாத்தறதாவது! எண்ணெய் விட்டே அடக்கிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"எண்ணெயா? எதுல விட்டாரு?"

"சத்தம் வந்த ஒரு பக்கத்துச் சக்கரத்துலதான்."

"ஐயோ, அது கோளாறுல வர்ற சத்தம் இல்லம்மா. பேட்ல ஒரு சின்னத் தகடு இருக்கும். பேட் தேஞ்சா அது உரசிக் கத்தும். என்னை மாத்துன்னு நமக்குச் சொல்றதுக்கே அத வச்சிருக்காங்க. வண்டி நிக்கறதே உராயறதாலதான். அதுல போய் எண்ணெய் விட்டா எதைப் பிடிச்சு நிக்கும்?"

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? அதையும் ஊமையாக்கித்தானே வைத்திருப்பார். மெக்கானிக் பைக்கை உதைத்துக் கிளப்பினார். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

சரிவின் தலைப்பில் திரும்பியதும் கார் தெரிந்தது. பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. அப்படியானால் அவர் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார். விளக்கு அணையவே இல்லை, வண்டி போய்க்கொண்டே இருந்தது. எதிர்வரிசைப் பக்கம் இழுக்கும் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அது எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. கோடு போட்ட மாதிரி நேராகக் கீழே இறங்கியது. கீழே பள்ளி வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

"ஹேண்ட் பிரேக்கை இழுங்க! கியரைக் குறைங்க!" என்று மெக்கானிக் கத்தினார். அது மாமாவுக்கு எப்படிக் கேட்கும்?

அப்போதுதான் ஹாரன் அடித்தது. அந்தக் காரின் ஹாரனை அதுவரை நான் கேட்டதே இல்லை. விட்டுவிட்டு அடிக்கவில்லை, ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்திருந்தார். பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். ஒரு தாய் இரண்டு பிள்ளைகளைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார் போல, காரின் பின்சக்கரங்கள் தேய்ந்து புகைந்தன. வாசலுக்குச் சற்று முன்னால் மாமா வண்டியைத் திருப்பி, தன் பக்கம் படும்படி மதில் சுவரில் கொண்டுபோய் மோதினார்.

நான் எப்படி இறங்கினேன், எப்படி ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை. பின்கதவைத் திறந்து பாப்பாவை அள்ளினேன். நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். "சித்தி, சித்தி" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உயிரோடு இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள் என்று நான் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாமாவை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. கால் முட்டிக்குக் கீழே மடங்கியிருந்தது. அவரைச் சாலையோரம் படுக்க வைத்தார்கள். மெக்கானிக் மோதாத பக்கத்து முன் சக்கரத்தின் உள்ளே கையை விட்டு எடுத்தார். விரல்கள் பளபளத்தன. மோதிய பக்கம் போய் அங்கேயும் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு பக்கம்தான்னு சொன்னீங்க?"

மாமாவுக்கு அது கேட்டிருக்கிறது. பாப்பாவை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீதானே சொன்னே, ஒரு பக்கமா இழுக்குதுன்னு. பாப்பா ஏறுற வண்டியாச்சே, ஏனோதானோன்னு விட முடியுமா? அதான் இன்னிக்குக் காலையில அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் விட்டேன்."

அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, இன்னும் கொஞ்சம் விட்டிருக்கணுமோ?"